இரைச்சலே இல்லாத அழைப்பு

2006 மார்ச் 5, ஞாயிறு
லிந்துலையில் விடாத மழை. நான் வேலை பார்க்கும் தொலைபேசிக் கடையின் கூரையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வயர்லெஸ் இணைப்பு திணறுகிறது. குரலைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் ஜி.711 முறையில், குவைத்திலிருந்து வினோதா பேசியது துண்டு துண்டாக வந்தது. முதலாளி முத்துலிங்கம், "நெட் கோல்ல எது நல்லா கேக்குதுன்னு பாத்துச் சொல்லு. வர்றவங்கல்லாம் கத்திக்கிட்டுப் போறாங்க" என்றார். சோதித்துப் பார்க்க என் பெண்டாட்டி வினோதாவை விட்டால் எனக்கு யார்?

மார்ச் 12
இன்று ஜி.எஸ்.எம். முறை. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன்.
சித்திரையோடு அவளுடைய வீட்டு வேலை ஒப்பந்தம் முடிகிறது. தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். வருகிறேன் என்று அவளாகச் சொல்லட்டும். நான் கேட்க மாட்டேன்.

மார்ச் 19
ஜி.729. குரலை எட்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. கூடவே மௌன வெட்டு: யாரும் பேசாதபோது ஒன்றையும் அனுப்பாது, இணைப்புக்குச் சுமையே இல்லை. துளி இரைச்சல் கிடையாது. நான்கரை போட்டேன். எல்லா போனுக்கும் இதையே வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி.
ஆனால் வினோதா "நல்லா இருக்கீங்களா" என்றாள், அப்புறம் பேச்சே இல்லை. நானும் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரிங்க, வைக்கிறேன்."

மார்ச் 26
இன்றும் அப்படியே. என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?

ஏப்ரல் 2
கூப்பிடவில்லை. எனக்கும் ரோசம் உண்டு.

ஏப்ரல் 11
குவைத்தில் வினோதாவுக்கு அடுத்த வீட்டில் வேலை செய்த நாகலெட்சுமி ஊர் திரும்பியிருக்கிறாள். கடைக்கு வந்தாள்.
"என்னாண்ணே நீங்க, வீட்டுக்கு வந்துரட்டான்னு அவ ரெண்டு வாரமா போன்ல கேட்டிருக்கா. நீங்க வாயே தொறக்கலையாம். அழுதுகிட்டே கெடக்குறா."
என்னிடம் கேட்டாளா? எப்போது?
"மேடம் பக்கத்துலயே இருப்பாங்க. குசுகுசுன்னுதானேண்ணே பேச முடியும்."
குசுகுசு. பாழாய்ப்போன பெட்டி அதை மௌனம் என்று வெட்டிப் போட்டிருக்கிறது. அதற்கு நான்கரை. அடப்பாவி, நானேதான் போட்டேன். இந்தக் கடையில் இன்னும் எத்தனை பேர் இப்படி வெறும் போனைக் கேட்டுவிட்டு முகம் தொங்கிப் போனார்களோ.
உடனே கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 14
வருசப் பிறப்பு. லயமெல்லாம் பட்டாசு. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு
மௌன வெட்டை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தாள். இரைச்சலோடு எல்லாம் வந்தது, குழாயில் விழும் தண்ணீர், அவள் மூச்சு.
"வந்துரு வினோதா. இந்த மாசமே வந்துரு."
அவள் குசுகுசுவென்றுதான் பேசினாள். ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது.
"நீங்கதான் ஒண்ணுமே சொல்லலையேங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."