விடியுமுன் முகூர்த்தம்

மல்லாங்கிணறு, பிப்ரவரி 2009

தங்கச்சி,

அச்சங்குளத்து மாப்பிள்ளையை வேண்டாமின்னு சொல்லிட்டியாமே. சித்தி வந்து சொல்லுச்சு. அம்மா அடுப்பைக்கூடப் பத்தவைக்காம உக்காந்திருக்கு.

காரணம் எனக்குத் தெரியாதா? நீ கல்யாணம் முடிச்சா உன் பட்டாசுக் கம்பெனி இன்சூரன்சுல புருசன் பேரைச் சேத்துட்டு என் பேரை எடுத்துருவாக. தனியாப் போடுவோமின்னா, பிறவி நோய்க்குப் பாலிசி இல்லேங்கான் ஏஜெண்டு.

ஒரே வயித்துலதான் பிறந்தோம். நீ அங்க வெடியைக் காயப்போட்டு நாள் பூரா வெயில்ல நிக்கே. வெயில் கெடுத்த தோல் செல்லை உன் உடம்பே சரி பண்ணிக்கிடுது. என் உடம்புக்கு அந்த வேலை தெரியாதுன்னு மதுரை டாக்டர் சொன்னாரு. சன்னல்ல வெயிலுக்கு மறைச்சுக் கட்டுன சாக்கை விலக்கினாலே எனக்குப் புண்ணு, அப்புறம் கட்டி, அப்புறம் ஆபரேசன். கண்ணும் பாதி போச்சு.

கறுத்துப் போனேன்னு அழுவியே, அந்தக் கறுப்பு மேல எனக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமா?

என்னைய ஒருத்தரும் பொண்ணு கேட்டு வந்ததில்ல. உன்னையக் கேட்டு வந்தவனை எனக்காகத் தூக்கி எறிஞ்சிட்டே! நீ என்னைய விட்டுட்டுப் போயிருந்தாக்கூட இம்புட்டு ஆத்திரம் வந்திருக்காது.

ஊனமுற்றோர் அட்டை வச்சிருக்கவுகளுக்குன்னு வேற பாலிசி ஒண்ணு இருக்கு. பாதிச் செலவுதான் தாங்கும். அதுல சேந்துட்டேன். நீ சரின்னு அச்சங்குளத்துக்குச் சொல்லி அனுப்பு.

முகூர்த்தத்தை மட்டும் விடியுமுன்னே வைக்கச் சொல்லு. அப்பத்தான் நான் வரமுடியும். எனக்கு வயிறு எரியட்டும், ஆனா உன் பக்கத்துல நின்னு எரியட்டும்.

உன் அக்கா