ஏ.ஐ. எழுதிய அப்பா

ஐப்பசி 9, வியாழன்.

அப்பாவைப் பற்றி ஏ.ஐ.யை எழுத வைத்து, தப்பை வீட்டில் கேட்டுத் திருத்தி வரச் சொன்னார்களாம் கல்லூரியில். மகள் செல்வி அதைப் படித்துக் காட்டினாள்.

"அப்பா தினமும் படகில் கடலுக்குப் போவார்."

"உங்கப்பாவா? போட்டுல கால வச்சாலே வாந்தி எடுப்பாரு. தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீனுக்கு ஐஸ் ஒடைச்சாருன்னு எழுதுடி."

சிரித்தோம். அவர் இறந்த பிறகு இன்றுதான் வீட்டில் சிரிப்பு.

கடைசி வரி, "சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வருவார்." செல்வியின் சிவப்புப் பேனா நின்றது.

"இதுவும் தப்புதானம்மா. அடிக்கலன்னா மிஸ்ஸு மார்க் கொறைப்பாங்க."

"கொறைச்சா கொறைக்கட்டும். அத மட்டும் அடிக்காத."

அவள் தூங்கிவிட்டாள். எனக்கும் கண் சொக்குகிறது. வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம். ஐஸ் பிடித்த கை கன்னத்தில் சில்லென்று படுகிறது. கதவுக்கு இன்னும் தாழ் போடவில்லை.