ஆறு பஸ்ஸுக்கு என்ன கூலி?

சேலம், கார்த்திகை மாசம்

கண்ணாயிக்குக் குழந்தைசாமி எழுதுறது. நான் நல்ல சுகம். நீயும் ஆத்தாளும் சுகமா? காட்டை நீ ஒருத்தியே பாத்துக்கிறதாலதான் எனக்கு இங்கே நிம்மதியா சோறு இறங்குது.

பஸ் கழுவுற தொழில் நல்லா நடக்குது. போன வாரம் பஸ் மேலே ஏறிக் கழுவும்போது வழுக்கிட்டேன். முழங்கையில சிராய்ப்புத்தான், பயப்படாதே. பஸ் முதலாளி பொங்கியண்ணன் தன் கையாலேயே மருந்து போட்டுவிட்டார். அவர் நல்லா இருக்கணும். அவரோட ஆறு பஸ்ஸையும் இனி எனக்கே விடுறாராம்.

"ஒண்ணுக்கு ரெண்டணா வாங்குறே. ஆறுன்னா குறைச்சுக்குவேல்ல?"ன்னு கேட்டார்.

"கூடத்தான் ஆகுமுங்க. ஆறும் பொழுது சாய ஒண்ணா வந்து, விடியறதுக்குள்ள கெளம்புதுங்க. ரெண்டு ஆள் வேணுமுங்க"ன்னேன்.

சிரிச்சுக்கிட்டே ரெண்டாள் கூலிக்கு ஒத்துக்கிட்டார். "இன்னொரு ஆள் யாரப்பா?"ன்னார். யோசிக்காம உன் பேரைச் சொல்லிட்டேன். நம்ம காட்டுல ரெண்டாள்னா நீயும் நானுந்தானே.

இங்கத்த அரிசி எனக்கு ஒத்துக்கலை. இங்கிருந்து செம்மேட்டுச் சந்தைக்கு வாரவங்ககிட்டச் சாமை கொடுத்துவிடுன்னு எழுதத்தான் உக்காந்தேன். பஸ் வந்துருச்சு, நிறுத்துறேன். யாருகிட்டயும் கொடுத்துவிட வேண்டாம். அறுப்பு முடிஞ்சதும் ஆத்தாளைத் தம்பி ஊட்டுல விட்டுட்டு, நீயே எடுத்துக்கிட்டு வா.

குழந்தைசாமி