முப்பத்து மூன்றாவது அகீக்

786

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
1934 பிப்ரவரி 11

ரங்கூனில் இருக்கும் நாத்தனார் அஸ்மத்துன்னிசாவுக்கு மதினி நஸ்ருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி உண்டு. ஞாபகத்துக்கு ஒரு வலியும் இல்லை.

இருபத்தாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் மகன் பீர் முஹம்மதிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம். அவன் நடுவில் நாலு வார்த்தையை மழுப்பிவிடுவான். அதனால் எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன். மூன்று நாளாகிறது. கோணலாக இருந்தாலும் நிதானமாகப் படி.

பீர் முஹம்மதின் மகள் சகினாவுக்குப் போன திங்கட்கிழமை நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை ஹபீபுர் ரஹ்மான், அடையாறில் மரக்கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் தாய் ஜமீலுன்னிசா பேசுவாள். நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் அந்த அம்மாள் நகை பார்க்க ஏழெட்டுப் பெண்களோடு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் உன் அம்மாவின் அகீக் மாலையை, அந்தச் சிவப்புக் கல் மாலையைத்தான் கேட்டாள். உன் பாட்டனார் ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கி வந்த மாலை. நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் கருகமணி கட்டுமுன் கழுத்தில் போடுகிற மாலை.

உன் நிக்காஹுக்கும் அதைத்தான் எடுத்தோம். உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நீ ஊதாப் பட்டு உடுத்தியிருந்தாய். பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தால் மாலை மங்கி, பழைய மெழுகு மாதிரி கிடந்தது. நாற்பது பெண்கள் நடுவில் நீ எழுந்து நின்று, "மதினி எங்கம்மா மாலைய மாத்திட்டாங்க, இது வெறும் கண்ணாடி" என்றாய். பிடுங்கிப் பார்த்ததில் நூல் இற்று ஒரு மணி கழன்றது. தட்டானிடம் காட்டி நிரூபிக்கிறேன் என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டாய். மறுவாரம் கப்பல் ஏறிவிட்டாய்.

அஸ்மத்து, நீ பிறந்தபோது நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். உன் அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்ட நாளில் உன்னை இடுப்பில் வைத்து ஆட்டுப்பால் புகட்டியவள் நான். அன்று உன் அம்மா வாய் திறக்கவில்லை. உன் அண்ணன் தலையைக் குனிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரை நான் மன்னித்தது அவர் மவுத்தான பிறகுதான். சாவியை மாமியின், அதாவது உன் அம்மாவின், முன்னால் வைத்து, இனி இந்த மாலையை என் கை தொடாது என்று சொன்னேன். மாமி போய், அவரும் போய், சாவி திரும்ப என்னிடமே வந்தது. அப்போதும் தொடவில்லை.

இப்போது பீர் முஹம்மதுதான் பெட்டியைத் திறந்தான். மாலை அதே மங்கலாக இருந்தது. ஜமீலுன்னிசா ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா, நாங்களும் கேள்விப்பட்டோம். பொண்ணு கழுத்துல கண்ணாடிமணி போட்டா போடுங்க, யாரு வேணாம்னா? மக்கத்துக் கல்லுன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க" என்றாள். பார், ரங்கூனில் இருக்கிற உன் வார்த்தை அடையாறு வரைக்கும் போயிருக்கிறது. சகினா என் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கெட்ட பெயர் என்னோடு போகாது, இவளோடும் மாமியார் வீடு போகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பள்ளிவாசல் பக்கத்தில் மணி கோக்கிற இனாயத்தை அப்போதே அழைத்து வரச் சொன்னேன். சம்பந்தி வீட்டாரும் இருக்கட்டும், எல்லோர் முன்னாலும் பார்க்கட்டும் என்றேன். அவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மாலையைத் தட்டில் வைத்துத் திரைக்கு அடியில் தள்ளினோம். அவர் முதலில் பார்க்கவில்லை, மோந்தார். "யாரும்மா இதுல அத்தர்ப் பஞ்சு வெச்சது?" என்று கேட்டார்.

எனக்கு உடனே நினைவு வந்தது. ஒவ்வொரு மீலாதுக்கும் மாமி என்னிடம் சாவி வாங்கி, அந்தப் பெட்டியில் புதுசாக அத்தர் நனைத்த பஞ்சு வைப்பார். மக்காவிலிருந்து வந்த கல்லுக்கு மரியாதை என்பார். பிறகு சாம்பிராணிக் கூடைக்கு அடியில் துணிகளோடு அதையும் வைத்துப் புகை காட்டுவார். எண்ணெயும் புகையும் வருஷா வருஷம் ஏறி, கல்லின் முகத்தை மூடிவிட்டன. "கல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத துவாரம் உண்டும்மா, எண்ணெய வெச்சா குடிக்கும்" என்றார் இனாயத். உடைந்த விளக்குச் சிம்னியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஒரு மணியை இழுத்தார். கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுந்தது, மணியில் ஒன்றும் இல்லை. சிம்னித் துண்டை ஜமீலுன்னிசாவிடமே கொடுக்கச் சொன்னார். அவள் விரலால் கோட்டைத் தடவினாள்.

நூலை அறுத்துவிட்டு மணிகளைக் கழுவலாம் என்றார். நான் கழுவுகிறேன் என்றேன். என் வார்த்தையை நானே மீறினேன். அல்லாஹ் மன்னிப்பான், அவனுக்குக் காரணம் தெரியும். ஜமீலுன்னிசாவோடு வந்த ஒருத்தி அவசரமாக வெந்நீரோடு ஓடி வந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து, "கொதி தண்ணி வேணாம்மா, கல்லு விட்டுப்புடும். கை பொறுக்குற சூடு போதும்" என்று குரல் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் சோப்பைக் கரைத்து, பல் துலக்குகிற புது மிஸ்வாக் குச்சியின் நுனியைத் தட்டி மெத்தென்று ஆக்கி, ஒவ்வொரு மணியாகத் தேய்த்தேன். முதல் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனது, இரண்டாவது தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது தண்ணீரில் கல் முகம் காட்டியது.

ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தயா கண்ணாடின்னாங்கோ? புது மீனு செவுளு மாரி செவந்து கீதேம்மா. சொன்னவ கண்ணுல இன்னா, மணல் கொட்டிக்கினாளா?" என்றாள். உன்னைத்தான் சொன்னாள், நான் தடுக்கவில்லை. அன்றைக்கு அவளிடம் பேரம் பேசாமல் மீன் வாங்கினேன்.

வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு மணிக்குள்ளும் வெள்ளை வரி சுற்றி ஓடுகிறது. இத்தனை வருஷம் அதை ஒருவரும் பார்க்கவில்லை. ஜமீலுன்னிசா எண்ணிப் பார்த்தாள். "முப்பத்திரண்டுதான் இருக்கு. தஸ்பீஹ் ஓதுற கணக்கு முப்பத்து மூணாச்சே, ஒண்ணு குறையுதே, சம்பந்தியம்மா" என்றாள். நான், "அது ரங்கூன்ல பத்திரமா இருக்கு" என்றேன்.

திங்கட்கிழமை ஜமீலுன்னிசாவே தன் கையால் மாலையைச் சகினா கழுத்தில் போட்டாள். மக்கத்துக் கல் என்று வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். நான் நாற்காலி போட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷமாகக் கல்யாண வீடுகளில் நான் அடுப்படிப் பக்கம்தான் உட்காருவது.

இனி உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மணியைத் தட்டானிடம் காட்டினாயா? கண்ணாடி என்று அவன் சொல்லியிருந்தால் அடுத்த கப்பலிலேயே கடிதம் வந்திருக்கும். உன்னை எனக்குத் தெரியும். வரவில்லை. கல்தான் என்று அவன் சொல்லியிருக்கிறான். சொன்னதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் மவுத்துக்குக்கூட நீ வராததற்குக் காரணம் கப்பல் கிடைக்காதது என்று பீர் முஹம்மது நம்பினான். நான் நம்பவில்லை. மாலையைக் கழுவின அன்றுதான் இதெல்லாம் எனக்கு வரிசையாகப் புரிந்தது. பதில் எழுத வேண்டாம், வாயால் சொல்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் புறப்பட்டு வா. மணியை அத்தர் குப்பி இருக்கும் பெட்டியில் வைக்காதே. உன் முத்துகளோடு சேர்த்து வைத்தால் முத்தைக் கீறிவிடும், அதற்கு அவ்வளவு கடினம். பழைய மல்துணியில் தனியாகச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொள். கழுவ வேண்டாம். அதை நான் கழுவுகிறேன். கோத்த மாலையில் கடைசி முடிச்சைப் போடவேண்டாம் என்று இனாயத்திடம் சொல்லியிருக்கிறேன். நிக்காஹுக்குக்கூடச் சும்மா கட்டித்தான் போட்டோம்.

நீ விட்டுப்போன ஊதாப் பட்டு என் பெட்டியில் இருக்கிறது. அந்துப்பூச்சி தொடவில்லை. வருஷா வருஷம் வேப்பிலை மாற்றுகிறேன்.

கடலில் உனக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும்.

உன் மதினி
நஸ்ருன்னிசா