அம்மாவுக்கு முன்னால் எனக்கு ஓர் ஊசி

காஜா பேராங், மலாக்கா
ஆகஸ்ட் 1957

அன்புள்ள அம்மாவுக்கு,

பூங்காவனம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் தோளும் முதுகும் எப்படி இருக்கின்றன? தம்பிக்கு இருமல் நின்றதா?

அத்தை தூங்கிய பிறகு எழுதுகிறேன். சீன வைத்தியம் என்றாலே அவருக்கு ஆகாது. தெரிந்தால் என்ன நடக்குமோ. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

என்னோடு படிக்கும் சியூ லானின் அப்பா, வலிக்கு மெல்லிய ஊசி குத்தும் வைத்தியர். உங்களுக்கு ஊசி என்றால் பயமாயிற்றே, முதலில் நானே குத்திக்கொண்டு பார்க்கலாம் என்று போனேன். உடம்பெல்லாம் வலி, தூங்கினாலும் அசதி தீரவில்லை என்று உங்கள் வலியை என்னுடையதாகச் சொன்னேன். அவர் என் தோளை அழுத்தினார். கூச்சத்தில் சிரித்துவிட்டேன்.

“பொய்க்காரி! யாருக்கு வலி?” என்று மலாயில் அதட்டினார்.

“அம்மாவுக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். கங்காணி சோம்பேறித்தனம் என்கிறார்.”

“வலி இருக்கிறது. இப்படி நிறையப் பெண்கள் வருகிறார்கள். சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு இல்லை.”

அம்மா, உங்கள் வலியை ஒருவர் நம்பிவிட்டார்!

பிறகும் விடாமல் கையை நீட்டினேன். ஒரே ஊசிதான். எறும்புக்கடி அளவுகூட இல்லை.

மெர்டேக்கா சுதந்திர நாள் லீவில் கொண்டாட்டம் பார்க்க வருவதுபோல் வாருங்கள். நான் போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று கொண்டுவாருங்கள். போர்வை இருக்கிறது, இருந்தாலும் வேண்டும். ஊசி போடும்போது உங்கள் கையை நான் பிடித்துக்கொள்வேன். என் கையைப் பிடிக்க யாரும் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை புரண்டு படுக்கிறார். விளக்கை அணைக்கிறேன்.

பூங்காவனம்