உடையாத மஞ்சள் கோடு

நாள் 204 · காலை 09:10

ஆக்சிஜன் நிலையம், செவ்வாய், வடசமவெளி. எழுதுவது கு. சங்கரேஸ்வரி, நிறுவல் சரிபார்ப்புப் பொறியாளர். வேறு யாரும் இங்கே இல்லை.

வெளி வெப்பநிலை மைனஸ் 71. தூசி குறைவு. மின்சாரம் சரி. 612 சென்சார்களையும் பார்த்து முடித்தேன். மூன்று தவறாகக் காட்டின, மாற்றிவிட்டேன். நாளை, முதலாவது அழுத்தச் சோதனை. மூன்று லைன்களுக்கும் அதற்கான வாயுவைச் சேர்க்கவே ஆறு மாதம் ஆகிவிட்டது.

இதை யார் படிப்பார்கள் என்று தெரியாததால் ஒருமுறை விளக்கிவிடுகிறேன். இந்த நிலையம் இங்குள்ள கரியமில வாயுவை உறிஞ்சி ஆக்சிஜனைப் பிரிக்கும். மூன்று லைன்கள். ஒவ்வொன்றும் பதினான்கு பேருக்கு மூச்சு தரும். ஆக மொத்தம் நாற்பத்திரண்டு. கப்பலில் நாற்பத்தொரு பேர் வருகிறார்கள். மிச்சம் ஒன்று நான். நிறுவிய குழு, நான் வந்து இறங்கிய கலத்திலேயே ஏறிப் போய்விட்டது. அவர்கள் பொருத்தியதைச் சரிபார்த்து, குறைகளை எழுதி, தீர்த்து, வருகிறவர்களிடம் ஒப்படைப்பது என் வேலை.

குறைகள் இரண்டு பட்டியல்களில் போகும். இயக்குவதற்கு முன் தீர்த்தே ஆக வேண்டியது ஏ பட்டியல். உயிருக்கு ஆபத்தில்லாதது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பி பட்டியல். இன்று ஏ பட்டியல் காலி. பி பட்டியலில் பதினேழு. தளர்ந்த கைப்பிடி, தலைகீழாக ஒட்டிய பெயர்ப்பலகை, அந்த மாதிரி.

கப்பலிலிருந்து செய்தி. பேசியவர் இசக்கியப்பன், நிலையத்தை என்னிடமிருந்து ஏற்று நடத்தப்போகிற ஆபரேட்டர்.

"மேடம், இன்னும் இருவது நாளு. சாவியெல்லாம் ரெடியா எடுத்து வையுங்க. சக்தி கேக்கா, அங்க துணி காயப்போடக் கொடி உண்டுமான்னு. இல்லன்னா இங்கனயே பாதி வழியில எறங்கிருவாளாம்."

சக்தி அவர் மனைவி. முழுப்பெயர் பிரம்மசக்தி. பதில் அனுப்பவில்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்து, நேரம் போய்விட்டது. எனக்கு அது வராது. நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாள் 205 · பகல் 13:25

லைன் 1. அழுத்தம் 61 சதவீதத்தில் இணைப்பு 37 பிளந்தது.

சத்தம் கேட்கவில்லை. தரை ஒருமுறை உதைத்தது, அவ்வளவுதான். வெளியே போய்ப் பார்த்தபோது குழாய் வளைந்து, ஆக்சிஜன் பிரிக்கும் அடுக்கின் மேல் கிடந்தது. அடுக்கு பொடியாகியிருந்தது. அதற்கு மாற்று பூமியில்தான் இருக்கிறது. லைன் 1 இனி இல்லை.

இணைப்பில் எட்டு போல்ட்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட் கோடு அப்படியே இருந்தது. போல்ட்டை உரிய அளவுக்கு முடுக்கியதும் நட்டின் தலையிலிருந்து குழாயின் விளிம்பு வரை ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு பிறகு நகர்ந்தால் கோடு உடைந்து விலகும். கோடு உடையாமல் இருந்தால் நட்டு நகரவில்லை என்று அர்த்தம். மூன்று லைன்களில் 288 இணைப்புகள், 2304 போல்ட்கள். வந்த முதல் மாதம் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. கையெழுத்திட்டு அனுப்பினேன். அந்தக் கையெழுத்தின் பேரில்தான் கப்பல் புறப்பட்டது.

இன்று பக்கத்து இணைப்பில் ஸ்பானரை வைத்தேன். வேண்டியதில்லை. கையாலேயே திரும்பியது.

நாற்பது போல்ட்களைப் பார்த்தேன். நாற்பதும் அப்படித்தான்.

நாள் 206 · காலை 10:05

நிறுவல் குழுவின் ஃபோர்மேன் தவமணிக்கு நேற்று செய்தி அனுப்பியிருந்தேன். அவர் இப்போதுதான் நெய்வேலிக்குத் திரும்பியிருக்கிறார். பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மேடம், சாப்டீங்களா? பெயின்ட் கோடுதான கேட்டீங்க. அத நாங்க ஷெட்டுக்குள்ளயே போட்டுட்டமே. வெளிய அந்தக் குளிருல பெயின்ட் எங்க புடிக்குது, தூளாக் கொட்டிப்பூடுது. அதனால உள்ளயே கையால முடுக்கி, கோட்டப் போட்டு, அப்பறம் வெளிய தூக்கினு போயி நிறுத்துனோம். கடைசி முடுக்கு வெளியதான். அது அடுத்த ஷிஃப்ட்டு வேலை. முடுக்கி இருப்பானுங்களே மேடம். முடுக்கலியா?"

முடுக்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் வந்தது, கோட்டைப் பார்த்தது, முடிந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

அவர்கள் முடுக்கியிருந்தால் நட்டு திரும்பியிருக்கும், கோடு உடைந்திருக்கும். 2304 கோடுகள் உடையாமல் இருந்ததே யாரும் முடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி. என் கண்ணெதிரே 2304 முறை எழுதியிருந்தது. எங்காவது ஒரு கோடு உடைந்திருந்தால், சரியாக வேலை நடந்த அந்த ஒரே இடத்தைத்தான் நான் குறை என்று எழுதியிருப்பேன்.

தனித் தீவுகளில், பனிக்கடல்களில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் புயல் வரும், பாறை வரும். இங்கே வந்தது நேர்த்தியாக இழுத்த ஒரு கோடு.

நாள் 206 · மாலை 16:40

ஓர் இணைப்பின் எட்டு போல்ட்களை எதிரெதிராக, மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். கையுறையோடு ஐம்பது நிமிடம். வெளியே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நிற்கலாம். ஏழு இணைப்புகள். ஒரு லைனுக்குப் பதினான்கு நாள். கப்பல் வர இன்னும் பதினெட்டு. ஒரு லைனை முடிக்கலாம். இரண்டு முடியாது.

கப்பல் திரும்பிப் போக முடியாது. அதற்கான ஆக்சிஜனும் இங்கேதான் உருவாக வேண்டும். வந்து சேர்ந்தபின் ஐந்து நாளுக்குத்தான் அவர்களிடம் காற்று இருக்கும்.

சென்னையிலிருந்து திட்ட மேலாளர் கருணாகரன்:

"சங்கரி, டென்ஷன் ஆகாதீங்க. லைன் ரெண்ட நீங்க முடிச்சிருங்க. லைன் மூணு முடுக்கலைங்கிறத பி லிஸ்ட்ல தூக்கிப் போடுங்க. கப்பல் எறங்கட்டும், அவ்ளோ பேரு வராங்க, ஆளுக்கு நாலு போல்ட் முடுக்குனா முடிஞ்சுது. இப்பவே கப்பலுக்குச் சொல்லி எதுக்குக் கலவரம் பண்ணணும்?"

இரண்டு லைன் ஓடினால் இருபத்தெட்டு பேருக்குக் காற்று, மிச்சம் பதினான்கு பேருக்கு வழி தேட அந்த ஐந்து நாள் இருக்கும். தப்பான யோசனை என்று சொல்ல முடியவில்லை. இன்று ராத்திரி தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

நாள் 209 · பகல் 12:15

முடுக்கினால் மட்டும் போதாது.

ஏழு மாதமாகத் தளர்ந்து கிடந்த இணைப்புகள் பகல் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தூசியை உள்ளே இழுத்திருக்கின்றன. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் உலோக கேஸ்கெட் வளையங்களை அது அரம் போல அறுத்திருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் தேறுகிறது. உதிரி இருபது. செப்புத் தகட்டில் புதிய வளையம் வெட்டிப் பார்த்தேன். பாதி அழுத்தத்தில் கசிந்தது.

மூன்று லைன்களிலிருந்தும் நல்லதைப் பொறுக்கினால் தொண்ணூற்றாறு வரும். அதோடு உதிரி இருபது. ஒரு லைனுக்குத் தேவை தொண்ணூற்றாறு.

எத்தனை கை வந்தாலும் லைன் 3 எழாது. மூச்சு பதினான்கு பேருக்குத்தான்.

லைன் 1, லைன் 3 இரண்டையும் ஏ பட்டியலில் எழுதினேன். கருணாகரன் மறுபடி பேசினார். "பி-ல போடுங்க, சொல்றத கேளுங்க சங்கரி, நாளைக்கு உங்க கேரியரும் இதுல இருக்கு" என்றார். கேரியர் என்ற சொல்லைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஏழு மாதத்தில் இந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு.

நாள் 212 · காலை 08:30

லைன் 2-இல் முப்பத்தெட்டு இணைப்புகள் முடிந்தன.

மூன்று நாளாக ஒத்திப்போட்டதை இன்று செய்தேன். குறைப்பட்டியலை மறைத்து நிலையத்தை ஒப்படைக்க முடியாது. இசக்கியப்பனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் பற்றி, என் கையெழுத்தைப் பற்றி, பதினான்கைப் பற்றி. எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். இல்லாவிட்டால் பாதியில் நின்றிருப்பேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில்:

"மேடம்... பதினாலா, நாப்பதா? லைன்ல கரகரன்னு கேக்கு. இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

"சரி மேடம். கேப்டன்ட்ட சொல்லுதேன். சக்திட்ட இப்ப சொல்லல. அவ ஒக்காந்து பழைய பெல்ட்டெல்லாம் கிழிச்சுக் கொடி பின்னிக்கிட்டு இருக்கா. அங்க நீங்க கட்டி வைக்க மாட்டியன்னு அவளுக்கு நிச்சயம்."

ஒரு திட்டுகூட இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நாள் 216 · மாலை 15:50

அறுபத்தாறு. வலது தோள் தலைக்கு மேல் எழவில்லை. இடது கையால் முடுக்குகிறேன், அதனால் மெதுவாகிறது. இன்று மூன்றாம் சுற்றை விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு சுற்றே இறுக்கமாகத்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியும். அடுத்த ஷிஃப்ட்டும் இதைத்தான் நினைத்திருக்கும். மூன்றாம் சுற்றைச் சுற்றினேன்.

பழைய மஞ்சள் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். முடித்த போல்ட்டில் ஆணியால் கீறி வைக்கிறேன். கீறல் குளிரில் உதிராது.

நாள் 218 · காலை 11:20

கப்பலின் கேப்டன் ரெஜினா:

"சங்கரேஸ்வரி, உங்கள் அறிக்கை கிடைத்தது. பதினான்கில் ஒருவர் நீங்கள். இங்கிருந்து பதிமூன்று பேர் இறங்குகிறார்கள். பெயர்கள் முடிவாகிவிட்டன. நானும் இருபத்தேழு பேரும் மேலேயே இருப்போம். லைன் 2 தயாராக இருக்கட்டும்."

அவர் தன்னைப் பதிமூன்றில் சேர்க்கவில்லை. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் இசக்கியப்பன்:

"மேடம், எம்பேரு இருக்கு. ஆபரேட்டர் இல்லாம எறங்குனா அந்தப் பன்னெண்டு பேரும் செத்துப் போவாவன்னுட்டாவ. சக்தி பேரு இல்ல. நான் போவ மாட்டேன்னு சண்ட போட்டேன். அவ சிரிக்கா மேடம். 'கொடியக் கொண்டுபோயி நேராக் கட்டும், ஒமக்கு எதையும் நேராக் கட்டத் தெரியாது'ன்னு எங்கையில குடுத்துட்டா."

மறுபடி வெளியே போனேன். நான்கு இணைப்புகள்.

நாள் 222 · பகல் 14:00

லைன் 2. தொண்ணூற்றாறு இணைப்புகள், 768 போல்ட்கள், 768 கீறல்கள். அழுத்தம் 100 சதவீதம். இருபது மணி நேரமாக ஊசி அசையவில்லை. ஆக்சிஜன் வரத் தொடங்கிவிட்டது. பதினான்கு பேருக்கு. பதினைந்தாவது ஆளுக்கு இல்லை. மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நாள் 223 · காலை 09:45

கேப்டனுக்கு அனுப்பியது: "பதினான்கு பேர் இறங்கலாம். பதினான்காவது பெயர் பிரம்மசக்தி. என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்."

கேப்டன்: "உறுதிப்படுத்துங்கள்."

உறுதிப்படுத்தினேன்.

கேப்டன்: "சரிம்மா."

இசக்கியப்பனிடம் காரணம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேப்டனையும் சேர்த்து மேலேயே இருக்கப்போகிற இருபத்தேழு பேருக்கு ஒப்படைப்புப் படிவங்களில் எழுத இடம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன். அவர்கள் பெயர்களைக் கேட்டு வாங்கி, இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே எழுதி வைத்திருக்கிறேன்.

என் புத்தகங்களைப் பொது அறைத் தட்டில் அடுக்கினேன். சிலவற்றில் ஓரங்களில் எழுதியிருக்கிறேன். முன்பு யாராவது படித்துவிடுவார்களோ என்று கூசியிருக்கிறேன். இருக்கட்டும்.

நாள் 224 · காலை 10:40

ஒப்படைப்புப் படிவம். பதினான்கு பேரும் 13:00 மணிக்கு இறங்குவார்கள்.

லைன் 2: இயங்குகிறது. ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்க்கவும். கீறலை நம்ப வேண்டாம், என்னுடையதானாலும்.

ஏ பட்டியல்: லைன் 1. லைன் 3. தீராது.

பி பட்டியல்:

1 முதல் 17 வரை: பழையவை.

18: துணிக்கொடி கட்ட இடம் இல்லாமல் இருந்தது. பம்பு அறையில் எதிரெதிராக இரண்டு கொக்கி அடித்திருக்கிறேன். நேராகத்தான் இருக்கின்றன, அளந்து பார்த்தேன்.

19: மேற்குச் சுவருக்கு வெளியே, விண்வெளி உடையில், ஒருவர். அவசரமில்லை.

ஒப்படைப்பவர்: கு. சங்கரேஸ்வரி

ஏற்றுக்கொள்பவர்: