அவரைப் பாராட்டாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் வேண்டுதல். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அவருக்குப் பாம்புக் காது, அதனால்தான் கடிதம்.

பக்கவாதம் வந்த கால் அப்படியேதான் இருக்கிறது. இப்போதே நடக்கப் பழகாவிட்டால் முழங்கால் மடங்கினபடியே இறுகிவிடும், அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வரும் பெண் பாவம், ஒவ்வொரு அடிக்கும் கை தட்டுகிறாள், காலண்டரில் நட்சத்திரம் ஒட்டுகிறாள், இவரோ நான் என்ன பாலர் வகுப்பா படிக்கிறேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சமையலறை வரை நடந்து வந்தால்தான் காபி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மனிதர் காபியையே விட்டுவிட்டார். அந்தப் பிடிவாதத்தில் பாதியைக் காலில் காட்டியிருந்தால் இந்நேரம் தெருமுனை வரை போய் வந்திருப்பார்.

போன வாரம் நம் கட்டிடத்து லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் இல்லையா, அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் யாரும் கூப்பிடாமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய், கோளாறு பிரேக்கிலடா, கதவை ஏன் போட்டு அடிக்கிறே என்று கத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கை தட்டினேன், அழுதேன், உடனே உன்னை வீடியோவில் கூப்பிட்டேன், நீயும் சூப்பர்ப்பா, சாம்பியன்ப்பா என்று குதித்தாய். அவ்வளவுதான். முகம் சுண்டிப்போய் வந்து படுத்தவர் இன்று வரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பாராட்டினால் ஓடுகிறவள் நான். வீடு பளிச்சென்று இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் மாடிப்படி வரை கழுவிவிட்டு வருவேன். எனக்குப் பிடித்ததையே அவருக்கும் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நாம் கை தட்டினால், நீ இனி நோயாளிதான் என்று சொல்வதாக அவருக்குக் கேட்கிறது. எதிரே ஒரு கோளாறு இருக்க வேண்டும், அதற்குத் தான்தான் போயாக வேண்டும், அப்போதுதான் அந்த மனிதர் அசைவார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவரையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், இனி அவரைப் பாராட்டாதே. உன் வாஷிங் மெஷின் ஆட்டம் போடுகிறது என்றாயே, அதைப் பற்றி அவரிடம் கேள். நம் வீட்டு மெஷினைத் திறந்து வீடியோவில் காட்டினால்தான் எனக்குப் புரியும் என்று சொல். அவர் சொல்வது தப்பு என்று சண்டை போடு. அதற்கும் எழவில்லை என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பயமாக இருக்கிறது, கண்ணு.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இது கைக்கு வந்த அன்றே போன் செய், மறந்துவிடாதே. பாராட்டியே ஆக வேண்டும் என்று வாய் துறுதுறுத்தால் என்னைப் பாராட்டு. அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று, இதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஒன்று சொல், அதை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா